மிசோத் தொட்டியில் கிடைத்த ஐந்து உடைகள்: ஹகமாடா வழக்கு 58 ஆண்டுகள் நீண்ட கதை

ஜப்பானின் ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் 2024 செப்டம்பர் 26 அன்று, 88 வயதான இவாவோ ஹகமாடா குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. நான்கு பேரைக் கொன்றார் என்று 1968-இல் அவருக்கு மரண தண்டனை விதித்ததும் இதே நீதிமன்றம்தான். உலகிலேயே மிக நீண்ட காலம் மரண தண்டனைக் கைதியாக இருந்தவர் விடுதலையானார் என்பதுதான் அன்று பெரும்பாலான ஊடகங்களில் செய்தியானது. தீர்ப்பில் அதைவிடக் கனமான பகுதி ஒன்று இருக்கிறது. அவரைக் குற்றவாளியாக்கப் பயன்பட்ட ஒப்புதல் வாக்குமூலம், இரத்தக்கறை படிந்த ஐந்து உடைகள், ஒரு துணித்துண்டு ஆகிய மூன்றும் புலனாய்வு அமைப்புகளால் இட்டுக்கட்டப்பட்டவை என்று நீதிமன்றம் வெளிப்படையாகவே எழுதியது. இந்தச் சந்தேகங்களில் ஏறக்குறைய எதுவும் 2024-இல் புதிதாக எழுந்ததல்ல. சில முதல் விசாரணையிலேயே பேசப்பட்டவை. மற்றவற்றுக்கான ஆதாரம் அரசின் சொந்தக் கிடங்கிலேயே இருந்தது. அவற்றை வெளியே கொண்டுவரத்தான் ஒரு மனிதனின் ஆயுள் செலவாகிவிட்டது.

1966 ஜூன் 30 அதிகாலை, ஷிசுவோகா மாகாணத்தின் ஷிமிசு நகரில், மிசோ தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் நிர்வாக இயக்குநருடைய வீடு தீப்பற்றி எரிந்தது. தீயை அணைத்து உள்ளே போனவர்கள் அவர், அவருடைய மனைவி, பதின்ம வயதில் இருந்த மகள், மகன் ஆகிய நால்வரின் உடல்களைக் கண்டார்கள். அந்த உடல்களில் எல்லாமாக 40-க்கும் மேற்பட்ட கத்திக்குத்துக் காயங்கள் இருந்தன. சோயா மொச்சையை உப்பு சேர்த்துப் பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்யும் விழுதுதான் மிசோ. வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ரயில் பாதை ஓடியது. ஹகமாடா தொழிற்சாலை விடுதியிலேயே தங்கி வேலை பார்த்த 30 வயது ஊழியர். முன்னாள் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர், ஒரே ஆண்டில் 19 போட்டிகளில் இறங்கியவர்.

சந்தேகம் மிக விரைவில் அவர் பக்கம் திரும்பியது. சம்பவம் நடந்த நான்காம் நாள் தொழிற்சாலையைச் சோதனையிட்ட போலீசார் அவருடைய இரவு உடையை எடுத்துச் சென்று, அதில் இரத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கறை மறுசோதனைக்குக்கூடப் போதாத அளவுக்குச் சிறியது. அவருடைய இடது கை விரலில் வெட்டுக்காயம் இருந்தது. தீயணைக்க உதவியபோது ஏற்பட்ட காயம் என்று அவர் விளக்கம் சொன்னார். குத்துச்சண்டை ஆடியவன், உடல்வலு உள்ளவன், வெளியூரிலிருந்து வந்தவன் என்பவையெல்லாம் சேர்ந்து ஒரு சித்திரம் உருவானது; பத்திரிகைகளும் அதற்கு நிறம் பூசின. ஆகஸ்ட் 18 அன்று அவர் கைதானார்.

ஜப்பானியச் சட்டப்படி கைதான ஒருவரைக் குற்றம் சாட்டாமலேயே அதிகபட்சம் 23 நாள் காவலில் வைக்கலாம். வழக்கத்தில் அந்தக் காவல் சிறைக்கூடத்தில் அல்ல, விசாரிக்கும் போலீசாரின் நிலையத்திலேயே கழியும். ஹகமாடாவை நாளொன்றுக்குச் சராசரியாக 12 மணி நேரம், சில நாள்களில் 16 மணி நேரம் வரைகூட விசாரித்தார்கள். அந்தக் காலத்தில் வழக்கறிஞரோடு பேச அவருக்குக் கிடைத்த நேரம் எல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரத்தைத் தொடவில்லை. கோடைப் புழுக்கத்தில் நடந்த இந்த விசாரணையின் 20-ஆம் நாள், செப்டம்பர் 6 அன்று, அவர் ஒப்புக்கொண்டார். 23-ஆம் நாள் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. நவம்பரில் நீதிமன்றத்தில் நின்ற முதல் நாளே, தாம் அதைச் செய்யவில்லை என்று அவர் மறுத்தார்.

அரசுத் தரப்பு தாக்கல் செய்த வாக்குமூலங்கள் 45. போலீசார் எழுதி வாங்கியவை 28, அரசு வழக்கறிஞர் எழுதி வாங்கியவை 17. முதல் விசாரணை நீதிமன்றம் இவற்றில் 44-ஐத் தள்ளிவிட்டது. மிகையான விசாரணை முறையால் பெறப்பட்டவை என்றும் மற்ற குறைகள் உடையவை என்றும் காரணம் கூறியது. செப்டம்பர் 9 தேதியிட்ட, அரசு வழக்கறிஞர் முன் பதிவான ஒன்றை மட்டும் தானாக முன்வந்து கொடுத்ததாக எடுத்துக்கொண்டது. ஒரே காவலில், ஒரே களைப்பில், அடுத்தடுத்த நாள்களில் பிறந்த 45 தாள்களில் 44 கறைபட்டவை, ஒன்று மட்டும் தூய்மையானது என்ற இந்தப் பிரிப்புதான் வழக்கின் முதல் பலவீனம் என்பது என் எண்ணம். பிற்காலத்தில் கிடைத்த ஒலிப்பதிவுகள் இதற்கு வலுச் சேர்த்தன. விசாரணை அறையில் பதிவான சுமார் 48 மணி நேர ஒலி நாடாக்கள் போலீஸ் கிடங்கில் கிடந்து, 2015-இல்தான் எதிர்த் தரப்பின் கைக்கு வந்தன. கழிப்பறைக்குப் போக விடாமல் விசாரணை அறைக்குள்ளேயே சிறுநீர் கழிக்க வைத்தது அவற்றில் கேட்கிறது. வழக்கறிஞரோடு அவர் தனியே பேசியதும் அந்த நாடாக்களில் பதிவாகியிருந்தது.

நம் நாட்டில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே தடுத்திருக்கிறது. புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தத் தடை தொடர்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் வழியே ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்த அளவுக்கு அது ஏற்கப்படும். மகஜர் எழுதிக் கத்தியையும் சட்டையையும் 'கண்டெடுக்கும்' வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் வாக்குமூலத்துக்கு அந்தத் தடையில்லை. அதுவே சான்றுகளின் அரசி என்று மதிக்கப்பட்டுவந்தது. இருந்தும் ஹகமாடா வழக்கில் வாக்குமூலம் மட்டும் போதவில்லை. பொருள் ஒன்று தேவைப்பட்டது.

1967 ஆகஸ்ட் 31 அன்று அந்தப் பொருள் கிடைத்தது. தொழிற்சாலையின் முதலாம் எண் தொட்டியிலிருந்து மிசோவை வெளியே எடுத்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர், அடியில் ஒரு சணல் பையைக் கண்டார். பைக்குள் வெள்ளை அரைக்கை உள்சட்டை, வெள்ளை நீள உள்காற்சட்டை, சாம்பல் நிறச் சட்டை, கருநீலத்தை ஒட்டிய நிறத்தில் ஒரு காற்சட்டை, பச்சை உள்ளாடை என ஐந்து துணிகள் இருந்தன. எல்லாவற்றிலும் இரத்தக்கறை. கொலை நடந்து 14 மாதம் ஆகியிருந்தது, வழக்கு விசாரணையும் நடந்துகொண்டிருந்தது.

இங்கேதான் வழக்கு தலைகீழாகியிருக்க வேண்டும். கொலையின்போது ஹகமாடா அணிந்திருந்தது இரவு உடை என்றுதான் அரசுத் தரப்பு அதுவரை வாதாடியது. நீதிமன்றம் பின்னர் ஏற்றுக்கொண்ட அந்த ஒரே வாக்குமூலமும் அதையே சொன்னது. ஐந்து உடைகளைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. உடைகள் கிடைத்த இரண்டு வாரத்துக்குள், அவர் அணிந்திருந்தது இந்த ஐந்தைத்தான் என்று அரசுத் தரப்பு தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. எதை உடுத்தியிருந்தார் என்பதிலேயே பொய்த்துப்போன ஒரு வாக்குமூலம், எப்படிக் கொன்றார் என்பதில் மட்டும் உண்மை பேசும் என்று நீதிமன்றம் நம்பியது.

தொட்டியின் கணக்கும் இடித்தது. கொலை நடந்த நாளில் அந்தத் தொட்டியின் அடியில் சுமார் 80 கிலோ மிசோதான் மிச்சமிருந்தது. அவ்வளவு பெரிய தொட்டியில் அது தரையில் பரவிய ஒரு படலம் போலத்தான் கிடந்திருக்கும். புதிதாகச் சுமார் 4 டன் மிசோ அதில் கொட்டப்பட்டது 1966 ஜூலை 20 அன்று. போலீசார் தொழிற்சாலையைச் சோதித்ததோ ஜூலை 4 அன்று. அப்படியானால் ஐந்து துணிகள் அடங்கிய பை அந்த மெல்லிய அடுக்குக்குள் யார் கண்ணிலும் படாமல் மூன்று வாரம் இருந்திருக்க வேண்டும். ஹகமாடா ஆகஸ்டில் கைதாகிவிட்டதால், அதன் பிறகு அவர் வந்து போட்டிருக்கவும் வழியில்லை.

அடுத்தது காற்சட்டை. மேல்முறையீட்டின்போது டோக்கியோ உயர் நீதிமன்றம் அதை ஹகமாடாவுக்கு மூன்று முறை அணிவித்துப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அது தொடையோடு நின்றுவிட்டது. மிசோவில் ஊறித் துணி சுருங்கிவிட்டது, சிறையில் அவர் பருத்துவிட்டார் என்று அரசுத் தரப்பு பதில் சொன்னது. காற்சட்டையின் அடையாளச் சீட்டில் இருந்த 'பி' என்ற எழுத்து அகலமான அளவைக் குறிப்பதாகவும், எனவே முதலில் அது அவருக்குச் சரியாகவே இருந்திருக்கும் என்றும் வாதிட்டது. நீதிமன்றங்கள் அதை ஏற்றன. 'பி' என்பது நிறத்தைக் குறிக்கும் எழுத்து என்று தயாரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்தவர் அப்போதே புலனாய்வாளர்களிடம் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலம் எதிர்த் தரப்பின் கண்ணில் பட்டது சுமார் 40 ஆண்டுகள் கழித்து. இந்த வழக்கின் எல்லாப் பிழைகளிலும் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். அவசரத்தில் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. விடையைக் கையில் வைத்துக்கொண்டே வேறொன்றை நீதிமன்றத்தில் வாதிட்டார்கள்.

உடைகள் கிடைத்த சில நாள்களில், ஹகமாடாவின் பெற்றோர் வீட்டைச் சோதனையிட்ட போலீசார் அந்தக் காற்சட்டையின் கால் விளிம்பில் வெட்டிய துண்டு ஒன்று கிடைத்ததாகச் சொன்னார்கள். மிசோத் தொட்டியில் இருந்த துணிக்கும் ஹகமாடாவுக்கும் இடையிலான முக்கியமான பாலம் அந்தத் துண்டுதான். 2024 தீர்ப்பு அதையும் புனைவு என்றது.

1968 செப்டம்பர் 11 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு மரண தண்டனை விதித்தது. அதே தீர்ப்பில் போலீசாரின் விசாரணை முறையைக் கடுமையாகக் கண்டிக்கும் பகுதியும் இருந்தது. இந்த முரணுக்கு விளக்கம் 2007-இல் வெளியானது. தீர்ப்பை எழுதிய இளைய நீதிபதி நோரிமிச்சி குமாமோட்டோ, தாம் விடுதலை என்று நம்பி நீண்ட வரைவு ஒன்றைத் தயாரித்திருந்ததாகவும், மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளாததால் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்று, தாம் நம்பாத தீர்ப்பைத் தம் கையாலேயே எழுத நேர்ந்ததாகவும் பகிரங்கமாகச் சொன்னார். நீதிபதிகளின் கலந்தாய்வை வெளியிடுவது ஜப்பானியச் சட்டப்படி தவறு. தெரிந்தே அதைச் செய்தார். தீர்ப்புக்கு மறு ஆண்டே அவர் நீதிபதிப் பதவியை விட்டிருந்தார். விடுதலைத் தீர்ப்பைப் பார்க்காமல் 2020-இல் காலமானார்.

உயர் நீதிமன்றம் 1976-இலும் உச்ச நீதிமன்றம் 1980-இலும் தண்டனையை உறுதி செய்தன. 1981 ஏப்ரலில் போட்ட முதல் மறுவிசாரணை மனு மாவட்ட நீதிமன்றத்தில் 13 ஆண்டும், உயர் நீதிமன்றத்தில் 10 ஆண்டும், உச்ச நீதிமன்றத்தில் மேலும் நான்கு ஆண்டும் கிடந்து 2008-இல் தள்ளுபடியானது. ஜப்பானில் தூக்குத் தண்டனைக் கைதிக்குத் தண்டனை நாள் முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. அன்று காலையில்தான் கதவு திறக்கும். தண்டனை உறுதியான பிறகு 30 ஆண்டுகளுக்கும் மேல் ஒவ்வொரு காலையும் அப்படிக் கழித்த மனிதனின் மனம் சிதைந்துபோனது. தொடக்கத்தில் தாய்க்கும் உடன்பிறந்தோருக்கும் தெளிவான கடிதங்கள் எழுதியவர், பின்னர் தம்மைப் பார்க்க வந்தவர்களையே சந்திக்க மறுத்தார். ஆகவே இரண்டாவது மனுவை 2008-இல் அவருடைய அக்கா ஹிடெகோ போட வேண்டியிருந்தது.

இரண்டாம் மனுவில் ஒரு மாற்றம் நேர்ந்தது. நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் அரசுத் தரப்பு அதுவரை காட்டாத சுமார் 600 சான்றுகளைத் திறந்துவிட்டது. 'பி' எழுத்து விவகாரம் அப்படித்தான் வெளிவந்தது. உடைகளின் வண்ணப் புகைப்படங்களும் அப்படித்தான் வந்தன. டிஎன்ஏ சோதனையும் நடந்தது. உடையில் இருந்த இரத்தம் ஹகமாடாவுடையது அல்ல என்று எதிர்த் தரப்பு நிபுணர் கூறினார். 2014 மார்ச் 27 அன்று நீதிபதி ஹிரோவாகி முராயாமா மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, இனியும் இவரை அடைத்துவைப்பது பொறுக்க முடியாத அநீதி என்று கூறி அன்றே அவரை வெளியே விட்டார். ஆனால் வழக்கு முடியவில்லை. அரசு வழக்கறிஞர்கள் மேல்முறையீடு செய்தார்கள். டிஎன்ஏ சோதனை முறை நம்பத்தக்கதல்ல என்று 2018-இல் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ரத்தை நீக்கி, வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திரும்ப அனுப்பியது. உடனே மறுவிசாரணை தொடங்கலாம் என்பது சிறுபான்மை நீதிபதிகள் இருவரின் கருத்து. பெரும்பான்மையினர் ஒரே ஒரு கேள்விக்கு விடை கேட்டார்கள்: ஓராண்டுக்கும் மேல் மிசோவில் ஊறிய இரத்தக்கறை சிவப்பாகவே இருக்குமா?

கேட்பதற்குச் சமையலறைக் கேள்வி போல இருந்தாலும் வழக்கு முழுவதும் அதன் மேல்தான் நின்றது. உடைகள் கிடைத்த காலத்தில் எழுதப்பட்ட அறிக்கைகள் கறையைச் சிவப்பு கலந்த சொற்களால்தான் வர்ணித்திருந்தன. 1967-இல் அந்தச் சிவப்பு யாரையும் உறுத்தவில்லை. மிசோவில் உப்புச் சத்து பத்து விழுக்காட்டை ஒட்டியிருக்கும், அது புளிப்பானதும்கூட. இந்த இரண்டும் சேர்ந்து இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வெளியேறும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிவப்பை இழந்து பழுப்பாகிறது. அதற்கும் மேல், மிசோவுக்கு அதன் கருமையைத் தருகிற, புரதமும் சர்க்கரையும் சேரும் வினை இரத்தத்தின் புரதத்தையும் கருக்கச் செய்கிறது. சில வாரங்களிலேயே தொடங்கும் இந்த மாற்றம் ஓராண்டில் சிவப்புக்கு இடம் வைக்காது என்று தடயவியல் பேராசிரியர்கள் சாட்சியம் அளித்தார்கள். அரசு வழக்கறிஞர்களும் 2021 செப்டம்பர் முதல் 14 மாதம் இரத்தக்கறை படிந்த துணிகளை மிசோவில் ஊறவைத்துப் பார்த்தார்கள். காற்று நீக்கிய பையில், ஆக்சிஜனை உறிஞ்சும் பொருளோடு, சிவப்பு நீடிக்க மிகவும் வசதியான சூழலில் வைத்தும் சிவப்பு தங்கவில்லை என்பதே உயர் நீதிமன்றத்தின் மதிப்பீடு.

அப்படியானால் 14 மாதமாகத் தொட்டியில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட துணிகள், கண்டெடுக்கப்படுவதற்குச் சற்று முன்புதான் அங்கே வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஹகமாடா சிறையில் இருந்தார். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் இந்த இடம்வரை வந்து, மறுவிசாரணைக்கு வழிவிட்டு, வைத்தவர்கள் புலனாய்வாளர்களாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு என்றது. 2024-இல் நீதிபதி கோஷி குனீ அந்த 'வாய்ப்புண்டு' என்பதையும் நீக்கிவிட்டு, துணிகளில் இரத்தம் பூசித் தொட்டியில் மறைத்தது புலனாய்வு அமைப்பே என்று எழுதினார். இதற்கு இடையில், 2024 மே மாதம், அதே சான்றுகளை வைத்து அரசுத் தரப்பு மறுபடியும் மரண தண்டனை கேட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு நாளில், இவ்வளவு காலம் ஆனதற்காக நீதிபதி ஹிடெகோவிடம் மன்னிப்புக் கேட்டார். ஹிடெகோவுக்கு அப்போது 91 வயது. மேல்முறையீடு செய்யப்போவதில்லை என்று அறிவித்த தலைமை அரசு வழக்கறிஞர் நவோமி உனெமோட்டோ, சான்றுகள் புனையப்பட்டன என்ற முடிவைத் தம்மால் ஏற்க முடியவில்லை என்று அதே அறிக்கையில் எழுதினார். ஷிசுவோகா காவல்துறைத் தலைவர் ஹகமாடாவின் வீட்டுக்கே போய்த் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். 2025 மார்ச்சில் நீதிமன்றம் இழப்பீட்டை நிர்ணயித்தது. காவலில் கழிந்த ஒரு நாளுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சத் தொகையான 12,500 யென் வீதம் மொத்தம் சுமார் 21 கோடியே 73 லட்சம் யென்.

இது ஒரே ஒரு முறை நேர்ந்த விபத்தா என்று கேட்டால், இல்லை. போருக்குப் பின் ஜப்பானில் மரண தண்டனை உறுதியான பிறகு மறுவிசாரணையில் விடுதலையானவர்களில் ஹகமாடா ஐந்தாமவர். மெண்டா, சைதகாவா, மட்சுயாமா, ஷிமாடா வழக்குகள் 1983-க்கும் 1989-க்கும் இடையில் அப்படி முடிந்தவை. அவற்றில் ஷிமாடா வழக்கும் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்ததே. அதே மாகாணத்தில் 1940-களின் கடைசியிலும் 1950-இலும் நடந்த சச்சிவுரா, ஃபுடாமாட்டா, கோஜிமா கொலை வழக்குகளிலும் அடித்து வாங்கிய வாக்குமூலங்களால் தண்டனை பெற்றவர்கள் பின்னர் விடுதலையானார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்றைய சட்டப்படி கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு 15 ஆண்டு. 1966 ஜூன் மாதக் கொலைக்கு அது 1981-இல் முடிந்தது, ஹகமாடாவின் முதல் மறுவிசாரணை மனு போடப்பட்ட அதே ஆண்டில். அந்த வீட்டில் நான்கு பேரைக் கொன்றது யார் என்று அதற்குள் யாரும் தேடவில்லை. இனி யாரையும் தண்டிக்கவும் முடியாது.

மறுவிசாரணை பற்றிய சட்டப் பிரிவுகள் 1949-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதப்பட்டபடியே ஏறக்குறைய மாறாமல் இருந்துவந்தன. அரசுத் தரப்பு தன்னிடம் உள்ள சான்றுகளைக் காட்டியே ஆக வேண்டும் என்று அவற்றில் எந்த விதியும் இருக்கவில்லை; காட்டச் சொல்வதும் சொல்லாததும் அந்தந்த நீதிபதியின் மனப்போக்கைப் பொறுத்திருந்தது. மறுவிசாரணை உத்தரவுக்கு எதிராக அரசு மேல்முறையீடு செய்யத் தடையும் இருக்கவில்லை. ஹகமாடா தீர்ப்புக்குப் பின் இந்த இரண்டையும் மாற்றக் கோரி எதிர்க்கட்சிகள் 2025 ஜூனில் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தன. சட்ட அமைச்சின் ஆலோசனைக் குழுவும் அதே ஆண்டு விவாதத்தைத் தொடங்கியது. சான்றுகளை எந்த அளவுக்குத் திறப்பது, மேல்முறையீட்டு உரிமையைப் பறிப்பதா வேண்டாமா என்பவையே சர்ச்சைக்குரிய இடங்களாக இருந்தன. தவறான மறுவிசாரணை உத்தரவைத் திருத்த வழி வேண்டும் என்பது அரசு வழக்கறிஞர்களின் வாதம். அந்த வழி இல்லாதிருந்தால் 2014 மார்ச்சில் கிடைத்த உத்தரவே நின்றிருக்கும். ஹகமாடாவின் மறுவிசாரணை ஒன்பது ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கியிருக்கும்.